அடுத்த திரை, முந்தைய திரை: கைபேசிச் செயலிகளின் நேவிகேஷன் லைப்ரரிகள் குறித்து ஓர் ஆய்வு

கைபேசிச் செயலி ஒன்றில் பயனர் பட்டியலைப் பார்க்கிறார். அதில் ஒன்றைத் தொட்டு விவரத் திரைக்குப் போகிறார். அங்கிருந்து பணம் செலுத்தும் திரைக்குப் போய், வேலை முடிந்ததும் திரும்பி வருகிறார். இந்தப் போக்குவரத்தை யார் நினைவில் வைத்திருக்க வேண்டும்? இயங்குதளமா, செயலியை எழுதிய நிரலாளரா, இருவருக்கும் நடுவில் நிற்கும் லைப்ரரியா?

கைபேசிக்குச் செயலி எழுதத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்தக் கேள்வி இருக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், ரியாக்ட் நேட்டிவ், ஃப்ளட்டர் ஆகிய நான்கு சூழல்களிலும் இதற்கான பதில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவந்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் முந்தையதன் குறையைத் தீர்ப்பதாகச் சொல்லியே வந்தது. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு புதிய குறையையும் கொண்டுவந்தது. விளைவைச் சுமப்பவர் பயனர். பாதி நிரப்பிய படிவம் காணாமல் போகிறது. அறிவிப்பைத் தொட்டு உள்ளே வந்தவர், பேக் பட்டனை அழுத்தியதும் செயலியை விட்டே வெளியேறிவிடுகிறார். பணம் கட்டி முடித்தவருக்கு மறுபடியும் பணம் கட்டும் திரையே வருகிறது. இவை அழகியல் குறைகள் அல்ல. செயலியின் மீது பயனர் வைக்கும் நம்பிக்கையைக் குலைப்பவை.

இதுவரை தரப்பட்ட பதில்களை ஐந்து நிலைப்பாடுகளாகப் பிரிக்கலாம். அவை எங்கிருந்து வந்தன, எங்கே வலுவாக நிற்கின்றன, எங்கே தளர்கின்றன என்று இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது. ஒரு நேவிகேஷன் லைப்ரரியின் தரம் முன்னே போவதை எவ்வளவு எளிதாக்குகிறது என்பதில் இல்லை, திரும்பி வருவதை எவ்வளவு நம்பகமாக்குகிறது என்பதில்தான் இருக்கிறது என்பது இந்த வரலாற்றிலிருந்து கிடைக்கும் முக்கியமான பாடம்.

கேள்வி பிறந்த இடம்

2000இல் வெளிவந்த எம்ஐடிபி, ஜாவாவில் சிறு கைபேசிச் செயலிகளை எழுத வழிசெய்தது. அதில் திரை மாற்றத்துக்கு இருந்தது ‘செட்கரன்ட்’ என்ற அழைப்பு. இப்போது எந்தத் திரை தெரிய வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லும்; முன்பு எந்தத் திரை இருந்தது என்பதை நினைவில் வைக்காது. பேக் என்றொரு கட்டளை வகை இருந்தாலும், அதை அழுத்தினால் எங்கே போவது என்பதை நிரலாளரே எழுத வேண்டியிருந்தது. பொறுப்பு முழுவதும் செயலியிடம் இருந்த காலம் அது.

2008 இந்த நிலையை மாற்றியது. அவ்வாண்டு ஜூலையில் ஐஃபோனுக்கு வெளியார் எழுதும் செயலிகள் வந்தபோது, ஆப்பிள் ‘யூஐ நேவிகேஷன் கன்ட்ரோலர்’ என்ற கட்டமைப்பைக் கூடவே தந்தது. புதிய திரையை ஓர் அடுக்கின் மேல் வைப்பது ‘புஷ்’, மேலிருப்பதை எடுத்துவிடுவது ‘பாப்’. கடைசியாக வைத்தது முதலில் வெளியே வரும். இந்த அடுக்கு செயலிக்குள்ளேயே அடங்கியிருந்தது.

அதே ஆண்டின் இறுதியில் சந்தைக்கு வந்த ஆண்ட்ராய்டு வேறு வழியில் சென்றது. அதன் முதல் கைபேசியில் பேக் பட்டன் வன்பொருளாகவே இருந்தது. ஒவ்வொரு திரையும் ஓர் ஆக்டிவிட்டி. ஆக்டிவிட்டிகளின் அடுக்கை இயங்குதளமே பராமரித்தது; அந்த அடுக்கு பல செயலிகளுக்குக் குறுக்காகவும் நீண்டது. மின்னஞ்சலிலிருந்து வரைபடச் செயலிக்குப் போனவர் பேக் பட்டனை அழுத்தினால் மின்னஞ்சலுக்கே திரும்புவார்.

அடுக்கு செயலியுடையதா, கருவியுடையதா என்ற கருத்து வேறுபாடு இப்படித் தொடக்கத்திலேயே இரு இயங்குதளங்களின் அமைப்புக்குள் பதிந்துவிட்டது. பின்னர் வந்த லைப்ரரிகள் எல்லாம் இந்த வேறுபாட்டை ஏதோ ஒரு வகையில் எதிர்கொண்டே ஆக வேண்டியிருந்தது.

முதல் நிலைப்பாடு: இயங்குதளமே பார்த்துக்கொள்ளும்

திரை மாற்றத்துக்குத் தனி லைப்ரரி தேவையில்லை, இயங்குதளம் தருவதே போதும் என்பது முதல் பதில். ஆண்ட்ராய்டின் ஆரம்ப காலத்தில் இது இயல்பான பதிலாக இருந்தது. ஒரு திரை, ‘இன்டென்ட்’ என்ற செய்தியை அனுப்பும். இயங்குதளம் அடுத்த திரையைத் திறக்கும். முந்தைய திரையின் நிலையைச் சேமித்து வைக்கவும் மீட்டுத் தரவும் ஒரு நடைமுறை இருந்தது.

இதன் தளர்ச்சி விரைவிலேயே தெரிந்தது. 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0, டேப்லெட்டுகளுக்காக இரு மாற்றங்களைச் செய்தது. ஒன்று, திரையின் மேல் இடது மூலையில் ‘அப்’ பட்டன். பேக் பட்டன் பயனர் வந்த வழியே திருப்பி அனுப்பும். அப் பட்டன் செயலியின் படிநிலையில் ஒரு படி மேலே அனுப்பும். இந்த நுண்ணிய வேறுபாட்டை விளக்கக் கூகுள் நீண்ட வழிகாட்டிகளை எழுத வேண்டியிருந்தது. பயனர்களுக்கு அது எவ்வளவு விளங்கியது என்பது ஐயத்துக்குரியது.

இரண்டாவது, ஃப்ராக்மென்ட். ஒரே ஆக்டிவிட்டிக்குள் பல திரைப் பகுதிகளை வைத்து மாற்ற அது உதவியது. ஆனால் ஃப்ராக்மென்ட்டுகளுக்குத் தனி அடுக்கு இருந்தது, ஆக்டிவிட்டிகளுக்கு வேறொரு அடுக்கு இருந்தது. நிலை சேமிக்கப்பட்ட பிறகு ஃப்ராக்மென்ட்டை மாற்ற முயன்றால் செயலி முறிந்து விழும் பிழை, பல்லாண்டுகள் ஆண்ட்ராய்டு நிரலாளர்களின் தலைவலியாக இருந்தது. 2014இல் ஸ்குவேர் நிறுவனத்தின் பொறியியல் குழு ஃப்ராக்மென்ட்டுகளைக் கைவிடும்படி வெளிப்படையாக வாதிட்டது; ஃப்ளோ, மோர்ட்டார் என்ற மாற்று லைப்ரரிகளையும் முன்வைத்தது. உதவி லைப்ரரிகளின் காலம் இத்தகைய அதிருப்தியிலிருந்துதான் வளர்ந்தது.

இரண்டாம் நிலைப்பாடு: முழு வழியையும் வரைபடமாக வரைந்துவிடுவோம்

திரைகளையும் அவற்றுக்கு இடையிலான பாதைகளையும் முன்கூட்டியே ஒரே இடத்தில் அறிவித்துவிட வேண்டும் என்பது இரண்டாவது பதில். அறிவித்துவிட்டால் படமாகப் பார்க்கலாம், சரிபார்க்கலாம், புதிதாகக் குழுவில் சேர்ந்தவருக்குக் காட்டலாம்.

ஆப்பிள் 2011இல் ஐஓஎஸ் 5உடன் தந்த ஸ்டோரிபோர்டு இதன் முதல் பெரிய வடிவம். திரைகளைப் பெட்டிகளாக வைத்து, நடுவே ‘செக்வே’ எனப்படும் அம்புக்குறிகளை இழுக்கலாம். சிறிய செயலிகளுக்கு இது மிகவும் ஏற்றதாக இருந்தது. செயலி பெரிதானபோது இரு சிக்கல்கள் எழுந்தன. பலர் சேர்ந்து வேலை செய்யும் குழுவில் ஒரே ஸ்டோரிபோர்டுக் கோப்பை இருவர் மாற்றினால் மாற்றங்களை ஒன்றுசேர்ப்பது கடினம். ஒவ்வொரு அம்புக்குறியின் பெயரும் வெறும் எழுத்துச் சரம் என்பதால், பெயரில் ஓர் எழுத்துத் தவறினாலும் கம்பைலர் சொல்லாது. செயலி ஓடும்போதுதான் முறியும். பெரிய ஸ்டோரிபோர்டுகளைப் பல துண்டுகளாகப் பிரிக்கும் வசதியை ஆப்பிள் 2015இல் சேர்த்தது, முதல் சிக்கலை அதுவும் உணர்ந்திருந்ததையே காட்டுகிறது.

கூகுள் 2018 மே மாதம் அறிவித்த ஜெட்பேக் நேவிகேஷன் லைப்ரரி இதே எண்ணத்தின் அடுத்த வடிவம். 2019இல் அதன் நிலையான பதிப்பு வந்தது. எக்ஸ்எம்எல் கோப்பில் வரைபடம் எழுதப்படும். ஒரே ஆக்டிவிட்டிக்குள் எல்லாத் திரைகளும் அடங்கும். அம்புக்குறிகளின் வழியே செல்லும் தரவைச் சரிபார்க்க ‘சேஃப் ஆர்க்ஸ்’ என்ற துணைக்கருவியும் இருந்தது. செயலிக்கு நிலையான ஒரு தொடக்கத் திரை இருக்க வேண்டும், அப் பட்டன் ஒருபோதும் செயலியை விட்டு வெளியேற்றக் கூடாது என்பன போன்ற கொள்கைகளை இந்த லைப்ரரி எழுத்திலும் நிரலிலும் உறுதிப்படுத்தியது. பழைய பேக்–அப் குழப்பத்துக்கு இது தந்த தெளிவு குறிப்பிடத்தக்கது.

இதன் எல்லையும் விரைவில் வெளிப்பட்டது. 2021இல், திரையைக் கோட்லின் மொழியிலேயே எழுதும் ஜெட்பேக் கம்போஸ் வந்தபோது எக்ஸ்எம்எல் வரைபடத்துக்கு இடமில்லாமல் போனது. கம்போஸுக்கான நேவிகேஷன், திரைகளை எழுத்துச் சரங்களால் அடையாளப்படுத்தியது. சேஃப் ஆர்க்ஸ் தந்த பாதுகாப்பு காணாமல் போனது. கோட்லின் வகைகளைக் கொண்டே திரைகளைக் குறிக்கும் வசதி 2024இல் வந்த 2.8 பதிப்பில்தான் திரும்பக் கிடைத்தது.

எந்தத் திரைக்குப் போவது என்பது சேவையகம் அனுப்பும் பதிலைப் பொறுத்தோ பயனரின் உரிமையைப் பொறுத்தோ மாறுமானால், முன்பே வரைந்த படம் உண்மையான பாதையில் ஒரு பகுதியை மட்டுமே காட்டும். மாறாத பாதைகள் மிகுந்த செயலிக்கு வரைபடம் பொருந்தும். நிபந்தனைகள் மிகுந்த செயலிக்கு அது போதாது என்று சொல்லலாம்.

மூன்றாம் நிலைப்பாடு: வழிக்குத் தனியாக ஒரு பொறுப்பாளர்

ஒரு திரை அடுத்த திரையைப் பற்றி அறிந்திருக்கவே கூடாது என்பது மூன்றாவது பதிலின் மையம். பொருள் விவரத் திரை ‘பயனர் வாங்க விரும்புகிறார்’ என்று மட்டும் சொன்னால் போதும். அதன் பின் உள்நுழைவுத் திரையா, முகவரித் திரையா, பணத் திரையா என்பதை வேறொரு பொறுப்பாளர் முடிவு செய்வார்.

ஐஓஎஸ் உலகில் இது ‘கோஆர்டினேட்டர்’ என்று அறியப்படுகிறது. 2015இல் ஐஓஎஸ் நிரலாளர் சொருஷ் கான்லூ இதைப் பரவலாக அறிமுகப்படுத்தினார்; மார்ட்டின் ஃபவுலர் 2002இல் வெளிவந்த தம் நூலில் விவரித்திருந்த ‘அப்ளிகேஷன் கன்ட்ரோலர்’ என்ற வடிவமைப்பே இதற்கு மூலம். ஊபர் நிறுவனம் தன் பயணிகள் செயலியை மறுபடி எழுதியபோது உருவாக்கி, 2017இல் பொதுவில் வெளியிட்ட ‘ரிப்ஸ்’ கட்டமைப்பிலும் ‘ரௌட்டர்’ ஒரு தனிப் பாத்திரம்.

இதன் பயன் பெரிய குழுக்களில் நன்கு தெரிகிறது. ஒரே திரையை இரண்டு வெவ்வேறு பயணங்களில் பயன்படுத்தலாம். திரையைத் தனியாகச் சோதிக்கலாம். புதிய பதிவுப் பயணத்தைச் சில பயனர்களுக்கு மட்டும் காட்டிப் பார்க்க வேண்டுமென்றால் பொறுப்பாளரை மட்டும் மாற்றினால் போதும்.

இதன் பலவீனம் திரும்பி வருவதில் இருக்கிறது. ஐஓஎஸில் 2013 முதல் பயனர் திரையின் இடது ஓரத்திலிருந்து விரலை இழுத்தே பின்னால் போகலாம். இயங்குதளம் அந்தத் திரையை அடுக்கிலிருந்து எடுத்துவிடும். கோஆர்டினேட்டருக்கு அது தானாகத் தெரியாது. திரை போன பிறகும் அதன் கோஆர்டினேட்டர் நினைவகத்தில் தங்கியிருக்கும், அல்லது இல்லாத திரையைப் பற்றிய கணக்கை வைத்துக்கொண்டிருக்கும். இதைச் சரிசெய்ய நேவிகேஷன் கன்ட்ரோலரைக் கண்காணிக்கும் கூடுதல் நிரல் தேவைப்பட்டது. முடிவை எடுப்பவர் ஒருவர், அடுக்கை வைத்திருப்பவர் வேறொருவர் என்றால், இருவரின் கணக்கும் ஒத்துப்போகச் செய்வதே ஒரு தனி வேலையாகிவிடுகிறது.

இதன் தளர்வான வடிவம் ஒன்றும் உண்டு. நிரலின் எந்த மூலையிலிருந்தும் அழைக்கக்கூடிய உலகப் பொதுவான நேவிகேட்டர் அது. ஃப்ளட்டரில் கெட்எக்ஸ் லைப்ரரி பரவியதற்கு இந்த வசதியும் ஒரு காரணம் எனலாம். தொடக்கத்தில் மிக எளிது. செயலி வளர்ந்ததும் எந்தத் திரையை யார் திறந்தார்கள் என்று தேடிக் கண்டுபிடிப்பது கடினமாகும் என்பதே இதற்கு எதிரான வலுவான வாதம்.

நான்காம் நிலைப்பாடு: ஒவ்வொரு திரைக்கும் ஒரு முகவரி

இணையப் பக்கங்களுக்கு முகவரி இருப்பதுபோல் செயலியின் திரைகளுக்கும் முகவரி இருந்தால் போதும், போவதும் வருவதும் தாமே சரியாகும் என்பது நான்காவது பதில். 2015இல் ஐஓஎஸ் 9இன் யுனிவர்சல் லிங்க் வசதியும் ஆண்ட்ராய்டு 6.0இன் ஆப் லிங்க் வசதியும் வந்து, சாதாரண இணைய முகவரியே செயலிக்குள் நேராக அழைத்துச்செல்லும் நிலை உருவானது. செய்தி, விளம்பரம், அறிவிப்பு, க்யூஆர் குறி என எல்லாத் திசைகளிலிருந்தும் பயனர் செயலியின் நடுப்பகுதிக்கு வந்து இறங்கத் தொடங்கினார். முகப்புத் திரையிலிருந்து தொடங்கும் வழியை மட்டும் எண்ணி எழுதப்பட்ட செயலிகள் இதில் தடுமாறின.

ஃப்ளட்டரின் அனுபவம் இந்த நிலைப்பாட்டின் பலத்தையும் விலையையும் ஒருசேரக் காட்டுகிறது. தொடக்கத்தில் அதில் புஷ், பாப் மட்டுமே இருந்தன. இணைய உலாவியிலும் ஃப்ளட்டர் ஓட வேண்டும் என்ற தேவை எழுந்தபோது, முகவரிப் பட்டையும் திரை அடுக்கும் ஒத்துப்போக வேண்டியதாயிற்று. 2020 அக்டோபரில் 1.22 பதிப்புடன் ‘நேவிகேட்டர் 2.0’ எனப்பட்ட புதிய முறை வந்தது. அதன் ஆற்றலை ஏற்றவர்களும் அதன் சிக்கலைக் குறைகூறினர். எளிய திரை மாற்றத்துக்கே பல வகுப்புகளை எழுத வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே ஃப்ளட்டர் குழு இதன் பயன்பாட்டு எளிமை குறித்து ஆய்வு நடத்தி, அதன்மேல் கட்டப்பட்ட லைப்ரரிகளை ஒப்பிட்டது. கிறிஸ் செல்ஸ் தொடங்கிய கோ-ரௌட்டர் பின்னர் ஃப்ளட்டர் குழுவின் பொறுப்புக்கே வந்தது. பீமர், ஆட்டோ-ரௌட் முதலியவையும் இதே வெற்றிடத்தை நிரப்பின. ரியாக்ட் நேட்டிவில் எக்ஸ்போ ரௌட்டர் இன்னும் ஒரு படி சென்று, கோப்புகளின் அடைவு அமைப்பையே முகவரிகளாக்கியது.

முகவரி முறையின் பலவீனங்கள் மூன்று. முகவரியில் எழுத்துகளைத்தான் வைக்க முடியும். பெரிய தரவுப் பொருளை வைக்க இயலாது. அடையாள எண்ணை மட்டும் அனுப்பித் தரவை மறுபடி பெறுவதே நல்ல பழக்கம் என்றாலும், அது கூடுதல் வேலை. இரண்டாவதாக, முகவரி தற்போதைய இடத்தைச் சொல்லுமே தவிர வந்த வழியைச் சொல்லாது. பொருள் திரைக்குத் தேடல் வழியே வந்தவருக்கும் அறிவிப்பு வழியே வந்தவருக்கும் முகவரி ஒன்றுதான். அவர்கள் திரும்பிப் போக வேண்டிய இடங்கள் வேறு. மூன்றாவதாக, கீழிருந்து எழும் சிறு பலகைகள், உறுதிகேட்கும் பெட்டிகள், பல படிகள் கொண்ட படிவங்கள் ஆகியவற்றுக்கு முகவரி தர வேண்டுமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

ஐந்தாம் நிலைப்பாடு: அடுக்கும் செயலியின் தரவே

திரையில் தெரிவது தரவின் பிரதிபலிப்பு என்ற எண்ணம் ரியாக்ட், ஸ்விஃப்ட்யூஐ, கம்போஸ் ஆகியவற்றின் அடிப்படை. அப்படியானால் திரைகளின் அடுக்கும் ஒரு சாதாரணப் பட்டியலாகச் செயலியின் தரவிலேயே இருக்கட்டும் என்பது ஐந்தாவது பதில். பட்டியலில் ஒன்றைச் சேர்த்தால் திரை திறக்கும், நீக்கினால் மூடும்.

ஆப்பிள் 2019இல் வெளியிட்ட ஸ்விஃப்ட்யூஐயில் நேவிகேஷன் பல இணைப்புகளாகச் சிதறிக் கிடந்தது. நிரலிலிருந்து நான்கு திரை ஆழத்துக்குப் போவதோ ஒரே அடியில் வேருக்குத் திரும்புவதோ கடினமாக இருந்தது. 2022இல் ஐஓஎஸ் 16உடன் வந்த ‘நேவிகேஷன் ஸ்டாக்’ இதை மாற்றியது: அடுக்கு என்பது நிரலாளர் கையிலுள்ள ஒரு பட்டியல். அதைச் சேமித்து மறுபடி ஏற்றவும் வழி தரப்பட்டது. கூகுள் 2025இல் அறிமுகப்படுத்திய நேவிகேஷன் 3 லைப்ரரியும் ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்திருக்கிறது. முந்தைய பதிப்புகளில் அடுக்கு லைப்ரரிக்குள் மறைந்திருந்தது; இப்போது அது நிரலாளருக்குச் சொந்தமான பட்டியல்.

இரு போட்டி நிறுவனங்களும் சில ஆண்டு இடைவெளியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது தற்செயல் போலத் தோன்றவில்லை. பட்டியல் என்பதால் சோதனை எளிதாகிறது. பணம் கட்டி முடித்தவுடன் பணத் திரைகளை எல்லாம் நீக்கிவிட்டு ரசீதுத் திரையை வைக்க வேண்டுமென்றால், அது பட்டியல் மீதான ஒரு செயல்பாடு மட்டுமே. பயனர் எங்கே இருக்கிறார் என்பதற்கு ஒரே சான்று இருக்கிறது. இரண்டு கணக்குகள் முரண்படும் கோஆர்டினேட்டர் சிக்கல் பெரும்பாலும் மறைகிறது.

பொறுப்பும் அதோடு சேர்ந்து நிரலாளரிடம் வந்துவிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பட்டியலில் பொருந்தாத வரிசையை யாரும் வைக்கலாம்: உள்நுழையாத பயனருக்குக் கணக்குத் திரை, காலியான கூடைக்குப் பணத் திரை. கீழ்ப்பட்டையில் நான்கு தாவல்கள் இருந்தால் நான்கு பட்டியல்கள் வேண்டும்; தாவல் மாறும்போது ஒவ்வொன்றின் நிலையும் காக்கப்பட வேண்டும். ஜெட்பேக் நேவிகேஷன் 2022இல் 2.4 பதிப்பில் பல அடுக்குகளைத் தானே காக்கும் வசதியைத் தந்திருந்தது. பட்டியல் கைக்கு வந்தபோது, அத்தகைய சில வேலைகளும் கைக்கு வந்தன.

ரியாக்ட் நேட்டிவில் ஆடிய ஊசல்

2015இல் பொதுவில் வெளியான ரியாக்ட் நேட்டிவ், மேற்சொன்ன விவாதங்களைக் குறுகிய காலத்தில் கடந்து வந்தது. அதோடு வந்த ‘நேவிகேட்டர்’ 2017இல் மையத்திலிருந்து நீக்கப்பட்டது. அவ்வாண்டே ரியாக்ட் நேவிகேஷன் லைப்ரரி வந்தது. அதில் வரைபடம் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். 2020இல் 5ஆம் பதிப்பு அதைக் கைவிட்டு, திரைகளைச் சூழலுக்கேற்ப மாறும் கூறுகளாக எழுதச் சொன்னது. உள்நுழைந்தவருக்கு ஒரு தொகுதி, உள்நுழையாதவருக்கு வேறொரு தொகுதி என எழுதுவது எளிதானது. வகைச் சரிபார்ப்பும், வெளியிலிருந்து செயலியின் உள்திரைக்கு நேராக அழைக்கும் டீப் லிங்க் அமைப்பும் சிக்கலாயின. 2024இல் 7ஆம் பதிப்பு, முன்கூட்டி அறிவிக்கும் முறையை ஒரு தெரிவாகத் திரும்பக் கொண்டுவந்தது.

திரை மாற்றத்தை ஜாவாஸ்கிரிப்ட்டில் செய்வதா, இயங்குதளத்தின் சொந்த உறுப்புகளிடம் விடுவதா என்பது இங்கே எழுந்த இன்னொரு விவாதம். விக்ஸ் நிறுவனத்தின் லைப்ரரி தொடக்கத்திலிருந்தே இரண்டாவது வழியில் சென்றது. ரியாக்ட் நேவிகேஷனும் பின்னர் சொந்த உறுப்புகளைப் பயன்படுத்தும் அடுக்கைத் தந்தது. விரல் இழுப்புக்கு ஏற்ப நகரும் திரையின் இயல்பு சொந்த உறுப்புகளிலேயே முழுமையாகக் கிடைக்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்டதாகத் தெரிகிறது.

எல்லாப் பதில்களும் தடுமாறும் இடங்கள்

எந்த நிலைப்பாட்டை ஏற்றாலும் தீராத சில சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, ஏற்கெனவே திறந்திருக்கும் திரைக்கு மறுபடி போகச் சொன்னால் என்ன செய்வது என்பது. ஒரு பொருளின் திரையிலிருந்து தொடர்புடைய பொருளுக்குப் போய், அங்கிருந்து மீண்டும் முதல் பொருளைத் தொட்டால், பழைய திரைக்குத் திரும்புவதா, புதிதாக ஒன்றைத் திறப்பதா? ஆண்ட்ராய்டு இதற்கெனவே ஆக்டிவிட்டிக்குப் பல ‘லாஞ்ச் மோட்’ அமைப்புகளை வைத்தது. ரியாக்ட் நேவிகேஷனில் ‘நேவிகேட்’ என்ற அழைப்பு முன்பு பழைய திரை இருந்தால் அதற்குத் திரும்பியது. 7ஆம் பதிப்பிலிருந்து திரும்புவதற்குத் தனி அழைப்பு. கோ-ரௌட்டரில் ‘கோ’ அழைப்பு முகவரிக்கேற்ற அடுக்கைப் புதிதாக அமைக்கும். ‘புஷ்’ இருக்கும் அடுக்கின் மேல் வைக்கும். இவற்றைப் பிரித்தறியாமல் பயன்படுத்துவது பேக் பட்டன் குழப்பங்களுக்கு ஒரு பொதுவான காரணம்.

இரண்டாவது, செயல்முறை நிறுத்தம். பின்னணியில் இருக்கும் செயலியை, நினைவகம் குறையும்போது இயங்குதளம் நிறுத்திவிடலாம். இந்தியாவில் யுபிஐ வழியே பணம் கட்டுவது இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. கடைச் செயலி, பயனரின் பணச் செயலியைத் திறக்கிறது. அவர் அங்கே ரகசிய எண்ணை இடும் நேரத்தில், விலை குறைந்த கைபேசியில் கடைச் செயலி நிறுத்தப்படக்கூடும். திரும்பி வரும்போது அடுக்கு மீள வேண்டும். எந்த ஆர்டருக்கான பணம் என்ற அடையாளம் மீள வேண்டும். பணம் போய்ச் சேர்ந்ததா என்று சேவையகத்திடம் கேட்க வேண்டும். லைப்ரரி முதல் வேலையைச் செய்யும். மற்ற இரண்டும் செயலியின் பொறுப்பு. சேமிக்கும் தரவின் அளவுக்கும் எல்லை உண்டு: ஆண்ட்ராய்டில் செயல்முறைகளுக்கிடையே தரவு செல்லும் இடையகம் ஏறத்தாழ 1 எம்பி மட்டுமே.

மூன்றாவது, முன்னோட்டத்துடன் பின்செல்லல். 2022இல் ஆண்ட்ராய்டு 13 அறிமுகப்படுத்திய இந்த முறையில், பயனர் விரலை இழுக்கும்போதே பின்னால் என்ன வரும் என்று காட்டப்படும். இதற்கு, பேக் செயலைச் செயலி தானே கையாளப் போகிறதா என்று இயங்குதளத்துக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அழுத்திய பிறகு முடிவு செய்யும் பழைய பழக்கம் இதற்குப் பொருந்தாது. ஃப்ளட்டர் இதன் பொருட்டே தன் ‘வில்பாப்ஸ்கோப்’ முறையைக் கைவிட்டு ‘பாப்ஸ்கோப்’ முறைக்கு மாறியது. ஆண்ட்ராய்டு 16ஐ இலக்காகக் கொண்ட செயலிகளுக்கு இந்த அசைவூட்டம் இயல்பாகவே இயங்குகிறது. அடுக்கு யாருடையதாக இருந்தாலும், அதைப் பற்றி இயங்குதளத்துக்கு உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இது.

நான்காவது, அகன்ற திரைகள். மடிப்புக் கைபேசியிலும் டேப்லெட்டிலும் பட்டியலும் விவரமும் அருகருகே தெரியும். அடுக்கின் மேலிருக்கும் ஒன்றே திரை என்ற எண்ணம் அங்கே செல்லாது. நேவிகேஷன் 3 அடுக்கிலுள்ள பல உறுப்புகளை ஒரே காட்சியில் அமைக்க இடம் தருகிறது. ஸ்விஃப்ட்யூஐயின் ‘நேவிகேஷன் ஸ்பிளிட் வியூ’ குறுகிய திரையில் ஓர் அடுக்காகச் சுருங்குகிறது. மடித்து விரிக்கும் கணத்தில் பேக் எங்கே போக வேண்டும் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

ஐந்தாவது, பார்வைக் குறைபாடு உடையோரின் பயன்பாடு. டாக்பேக், வாய்ஸ்ஓவர் போன்ற திரைவாசிப்பான்கள் திரை மாறியதை அறிந்து, புதிய திரையின் தலைப்பிலிருந்து வாசிக்க வேண்டும். ஒரே ஆக்டிவிட்டிக்குள் திரையை வரையும் முறைகளில் இந்த அறிவிப்பு விடுபடுவது எளிது. லைப்ரரிகளை ஒப்பிடும் எழுத்துகளில் இது மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. கண்ணால் பார்க்காதவருக்கு, தாம் எங்கே இருக்கிறோம் என்பதைச் சொல்லும் ஒரே வழி இதுதான் என்பதால், இது முதல் நிலை அளவுகோலாக இருக்க வேண்டும்.

தேர்வுக்கு என்ன அளவுகோல்

எல்லாச் செயலிக்கும் ஒரே லைப்ரரியைப் பரிந்துரைக்க இந்த வரலாறு இடம் தரவில்லை. திரைகள் குறைவாகவும் பாதைகள் நிலையாகவும் உள்ள செயலிக்கு இயங்குதளம் தரும் அடுக்கே போதும். வெளி இணைப்புகள் மிகுந்த செய்தி அல்லது வணிகச் செயலிக்கு முகவரி முறை ஏற்றது. நிபந்தனைகளால் கிளைக்கும் வங்கி அல்லது காப்பீட்டுப் பயணங்களுக்குப் பட்டியலும் அதன்மேல் ஒரு பொறுப்பாளரும் சேர்ந்த அமைப்பு பொருந்தக்கூடும். இந்த ஐந்தும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. நடைமுறையில் பெரும்பாலான பெரிய செயலிகள் இரண்டு மூன்றைக் கலந்தே பயன்படுத்துகின்றன.

எதைத் தேர்ந்தாலும் சில சோதனைகளைச் செய்து பார்ப்பது நல்லது. ஐந்து திரை ஆழத்தில் செயல்முறையை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் அடுக்கு மீள்கிறதா? ஆண்ட்ராய்டின் நிரலாளர் அமைப்பில் உள்ள ‘ஆக்டிவிட்டிகளை வைத்திருக்காதே’ தெரிவு ஆக்டிவிட்டியை மட்டுமே அழிக்கும், செயல்முறையை விட்டுவைக்கும். ஆகவே அது மட்டும் போதிய சோதனை ஆகாது. அறிவிப்பு வழியே நடுத்திரைக்கு வந்தவர் பேக் பட்டனை அழுத்தினால் பொருளுள்ள இடத்துக்குப் போகிறாரா? உள்நுழையாதவர் டீப் லிங்கைத் தொட்டால், உள்நுழைந்த பின் கேட்ட திரைக்கே வருகிறாரா? திரைவாசிப்பான் ஒவ்வொரு மாற்றத்தையும் சொல்கிறதா? அறிமுகப் பக்கங்களில் காட்டப்படும் அழகிய அசைவூட்டங்களைவிட இந்த நான்கு கேள்விகளின் விடை நம்பத்தக்கது.

லைப்ரரியின் ஆயுளையும் எண்ண வேண்டும். ஸ்குவேர் ஃப்ளோவிலிருந்து வேறொரு லைப்ரரிக்கு நகர்ந்தது. ரியாக்ட் நேட்டிவின் முதல் நேவிகேட்டர் இரண்டே ஆண்டுகளில் வெளியேறியது. இதனால் லைப்ரரியின் மேல் தம் சொந்த மெல்லிய மேலுறையைப் போடச் சிலர் அறிவுறுத்துகின்றனர். மேலுறையும் பராமரிக்கப்பட வேண்டிய நிரல்தான், லைப்ரரியின் புதிய வசதிகளை மறைத்தும் விடலாம் என்பது எதிர்வாதம். திரைகள் லைப்ரரியை நேரடியாக அழைக்காமல் தம் விருப்பத்தை மட்டும் தெரிவிப்பது, இரண்டுக்கும் நடுவிலான ஏற்கத்தக்க வழியாகத் தோன்றுகிறது.

எஞ்சியிருக்கும் கேள்விகள்

தொடக்கக் கேள்விக்கு இன்று கிடைக்கும் விடையை இப்படித் தொகுக்கலாம். அடுக்கு செயலியின் தரவாக இருக்கட்டும். அதைச் சேமிப்பதும் மீட்பதும் காட்டுவதும் லைப்ரரியின் வேலையாகட்டும். பின்செல்லும் சைகையும் செயல்முறையின் உயிரும் இயங்குதளத்தின் அதிகாரத்தில் இருக்கும். ஆப்பிளும் கூகுளும் இத்திசையில் நெருங்கியிருப்பதால், அடுத்த சில ஆண்டுகளுக்கு இது நிலைக்கக்கூடும்.

ஆனால் சில கேள்விகள் திறந்தே இருக்கின்றன. பட்டியலில் பொருந்தாத வரிசையே அமைய முடியாதபடி வகைகளாலோ நிலைப்பொறிகளாலோ தடுக்க முடியுமா என்பது ஒன்று. 1987இல் டேவிட் ஹேரல் முன்வைத்த நிலைவரைபடங்கள் இதற்கு வழிகாட்டக்கூடும் என்று கருதுவோர் உள்ளனர்; பெரிய செயலியில் அவற்றை எழுதிப் பராமரிக்கும் சுமை ஏற்கத்தக்கதா என்பது தெளிவாகவில்லை. செயலிகளுக்கு இடையே தாண்டிச் செல்லும் பயணத்தில் அடுக்கு யாருடையது என்பது இரண்டாவது. யுபிஐ போன்ற பயணங்கள் பெருகும்போது இதன் தேவையும் பெருகும். பல திரைகள் ஒருசேரத் தெரியும் கருவிகளில் அடுக்கு என்ற கட்டமைப்பே போதுமா என்பது மூன்றாவது.

இவற்றுக்கு லைப்ரரிகள் மட்டும் விடை தர இயலாது. பயனர் பேக் பட்டனை அழுத்தும்போது எதை எதிர்பார்க்கிறார் என்பதை ஒவ்வொரு செயலியின் வடிவமைப்பாளரும் நிரலாளரும் சேர்ந்து முடிவு செய்து எழுதிவைத்தால்தான், எந்த லைப்ரரியும் அதை நிறைவேற்ற முடியும். அந்த முடிவு எடுக்கப்படாத செயலியில் லைப்ரரியை மாற்றுவது பெரும்பாலும் பயன் தருவதில்லை.